அப்பிள் பழங்களும் ஆறாண்டுக் காத்திருப்பும்



இசையை விரும்புவோருக்குக் காத்திருத்தல் புதிதன்று. விரும்பிய பாடல் எப்பொழுது ஒலிக்கும் என்று வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்திருப்பது நேயர்களாகிய உங்களுக்குப் பழகிய இன்பமே. அக்காத்திருப்பு ஒரு மணி நேரமாகலாம்; ஒரு வாரமாகலாம். ஆனால், ஒரு பாடகியின் புதிய பாடல்களுக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கதை ஒன்று உண்டு. அவர்கள் வாளா காத்திருந்தாரல்லர். பாடல்களைத் தடுத்து வைத்திருப்பவர் யார் என்று ஆராய்ந்தார்கள். அவற்றை உருவாக்கிய இசைத் தயாரிப்பாளர்களுள் எவர் சிறந்தவர் என்று தம்முள் வாதிட்டார்கள். ஈற்றில், பெருநிறுவனம் ஒன்றின் வாயிலிலே அப்பிள் பழங்களோடு சென்று நின்றார்கள். இது நிகழ்ந்தது ஐக்கிய அமெரிக்காவில், 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். பாடகியின் பெயர் பியோனா அப்பிள்.

இக்கதையை எடுத்துக்கொள்வதற்கு அதன் விநோதம் மட்டும் காரணமன்று. ஒரு பாடல் யாருக்குச் சொந்தம் என்னும் வினா இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. எழுதிப் பாடியவருக்கா? அதற்கு ஒலியுருவம் கொடுத்த தயாரிப்பாளருக்கா? பணம் முதலிட்ட நிறுவனத்துக்கா? அல்லது அதற்காக ஏங்கிக் காத்திருக்கும் இரசிகருக்கா? இந்நால்வரும் இக்கதையிலே தத்தம் உரிமையைக் கேட்கிறார்கள். யாருடைய உரிமை எதுவரை செல்லும் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

பியோனா அப்பிள் 1977 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிற் பிறந்தவர். பியானோ வாசிப்பவர், தம் பாடல்களைத் தாமே எழுதித் தாமே இசையமைப்பவர். அவருடைய முதலாவது இசைத்தொகுதியாகிய 'டைடல்' 1996 இல் வெளிவந்தபொழுது அவருக்கு வயது பதினெட்டு. அந்த வயதுக்குப் பொருந்தாத ஆழமும் கனமும் உடைய குரல் அவருடையது. அத்தொகுதி அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ முப்பது இலட்சம் பிரதிகள் விலைப்பட்டது. அதிலுள்ள 'கிரிமினல்' என்னும் பாடலுக்காக 1998 இல் அவருக்குக் கிராமி விருதும் கிடைத்தது. இரண்டாவது தொகுதி 1999 இல் வந்தது. அதன் பெயரோ தொண்ணூறு சொற்கள் கொண்ட ஒரு முழுக் கவிதை! கடைக்குச் சென்று அப்பெயரைச் சொல்லிக் கேட்பவர் மூச்சு வாங்கியே கேட்டிருத்தல் வேண்டும். இந்த இரண்டாவது தொகுதியைத் தயாரித்தவர் ஜோன் பிறையன் என்பவர். இவருடைய பெயரை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

மேலே செல்லுமுன், இசைத் தயாரிப்பாளர் என்பவர் செய்யும் பணி யாது என்பதைச் சிறிது விளக்குதல் நன்று. திரைப்படத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்று நாம் அறிவோம். இசைத் தயாரிப்பாளர் அத்தகையவரல்லர். பாடகி ஒரு பாடலை எழுதிப் பியானோவிலே வாசித்துக் காட்டுகிறார். அப்பாடலுக்கு முரசு வேண்டுமா, வேண்டாமா? வயலின்கள் எத்தனை? குழல் எவ்விடத்திற் புகவேண்டும்? குரல் அருகில் நின்று பேசுவது போல ஒலிக்கவேண்டுமா, பெரிய மண்டபத்தின் நடுவே ஒலிப்பது போலவா? பலமுறை பாடிப் பதிந்தவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இவற்றையெல்லாம் பாடகியோடு இருந்து தீர்மானிப்பவரே இசைத் தயாரிப்பாளர். பொன் ஒன்றே, அதை ஒரு தட்டான் பதக்கமாக்குவான், மற்றொருவன் காப்பாக்குவான். பொன்னின் மாற்று மாறுவதில்லை. ஆயினும் அணிந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகா. ஒரே பாடலை இரண்டு தயாரிப்பாளரிடம் கொடுத்தாலும் அவ்வாறே.

பொதுவாக இந்த வேறுபாட்டை நேரிற் கண்டறியும் வாய்ப்பு இரசிகர்களுக்குக் கிட்டுவதில்லை. கடைக்கு வருவது ஒரு வடிவமே. மற்றவை ஒலிப்பதிவுக் கூடத்தின் அலுமாரிகளிலே உறங்கிவிடும். பியோனாவின் மூன்றாவது தொகுதியிலோ, ஒரே பாடல்களின் இரு வடிவங்களும் உலகத்தார் செவிக்கு எட்டின. வாதம் பிறந்ததும் வளர்ந்ததும் அதனாலேதான்.

இரண்டாவது தொகுதிக்குப் பின்னர்ப் பியோனா ஒதுங்கி வாழ்ந்தார். மீண்டும் பாடல் பதியும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 2002 இல் ஜோன் பிறையனே அவரைத் தூண்டி, வற்புறுத்தி மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே தொடங்கிய வேலை, பல வாத்தியங்கள் சேர்ந்த இசையைப் பதிவதற்காக லண்டன் மாநகரின் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடம் வரை சென்றது. பீற்றில்ஸ் இசைக்குழுவினராற் புகழ்பெற்ற கூடம் அது. 2003 இல் பதினொரு பாடல்கள் உருவாகிவிட்டன. தொகுதிக்கு 'எக்ஸ்ட்ராஓடினரி மெஷின்' என்று பெயர். 'அதிசய யந்திரம்' என்று நாம் அதைத் தமிழிற் சொல்லலாம்.

தொகுதி அவ்வாண்டிலேயே வெளிவரும் என்ற செய்தி பரவிற்று. இரசிகர்கள் நாட்களை எண்ணினார்கள். நாள் வந்தது, தொகுதி வரவில்லை. வேறொரு நாள் குறிக்கப்பட்டது, அதுவும் கடந்தது. 2003 கழிந்து 2004 பிறந்தது. நிறுவனத்திடமிருந்து தெளிவான சொல் ஒன்றும் இல்லை, பாடகியிடமிருந்தும் இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இசை வணிகத்தில் இது பெரிதும் உண்மை. ஒரு பாடகரை மக்கள் மறக்க இரண்டு ஆண்டுகள் போதும் என்பது அத்தொழிலில் உள்ளோரின் அச்சம். ஆனாற் பியோனாவின் இரசிகர்கள் மறக்கவில்லை. மௌனம் நீள நீள அவர்களுடைய ஆவல் வளர்ந்தது. ஆவலோடு ஐயமும் வளர்ந்தது.

ஐயம் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பாடகர்களுக்கும் இடையே செய்யப்படும் ஒப்பந்தத்தின் இயல்பு அத்தகையது. பாடல் பதிவதற்கு வேண்டிய பணத்தை நிறுவனம் முன்கூட்டியே கொடுக்கும். தொகுதி விலைப்பட்ட பின்னர், பாடகருக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து அப்பணத்தைக் கழித்துக்கொள்ளும். பதிவு செய்யப்பட்ட மூலப்பிரதியோ, பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி, நிறுவனத்தின் சொத்து. ஆகவே, நிறுவனத்துக்குப் பிடிக்காத தொகுதியை வெளியிடாது வைத்துக்கொள்ளவும் முடியும். பாடகர் அதை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லவும் முடியாது. இதனோடு அக்காலச் சூழ்நிலையையும் நோக்குதல் வேண்டும். 1999 இல் 'நப்ஸ்ரர்' என்னும் இணையச் சேவை தோன்றியது முதல், பாடல்களைப் பணமின்றிப் பரிமாறும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. இறுவட்டு விற்பனை சரியத் தொடங்கியது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. பியோனாவின் பாடல்களை வெளியிடும் எபிக் நிறுவனத்தைத் தன்னுள்ளே கொண்டிருந்த சோனி, 2004 இல் பி.எம்.ஜி. என்னும் மற்றொரு பெருநிறுவனத்தோடு சேர்ந்தது. இத்தகைய வேளையில், உடனே விலைப்படக்கூடிய பாடலையே நிறுவனங்கள் நாடும் என்பது எவரும் ஊகிக்கக்கூடியதே.

2004 ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, நிறுவனம் தொகுதியை ஒதுக்கி வைத்துவிட்டது என்னும் பொருள்பட ஜோன் பிறையன் பேசியமை வெளியாயிற்று. இரசிகர்களுக்கு அதற்குமேற் சான்று வேண்டியிருக்கவில்லை. பாடகி நல்ல பாடல்களைப் பாடிவிட்டார். தயாரிப்பாளர் அவற்றைச் செம்மையாக்கிவிட்டார். பேராசை கொண்ட நிறுவனம் அவற்றைப் பூட்டி வைத்துவிட்டது. இதுவே அவர்கள் கண்ட கதை. 'பியோனாவை விடுதலை செய்' என்ற பெயரிலே இணையத்தில் இயக்கம் ஒன்று எழுந்தது. உறுப்பினர்கள் நிறுவன அதிகாரிகளுக்கு அப்பிள் பழங்களை அனுப்பினார்கள். 2005 ஜனவரி இறுதியில், நியூயோர்க்கின் கடுங்குளிரிலே, சோனி தலைமையகத்தின் முன்னே திரண்டு பழங்களை ஏந்தி நின்று குரல் எழுப்பினார்கள். கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. பாடகியின் பெயரே ஆயுதமாயிற்று. அது உண்ணத்தக்க ஆயுதமும் ஆயிற்று!

அடுத்த மாத இறுதியிலே இன்னொன்று நிகழ்ந்தது. சியாற்றில் நகர வானொலி நிலையம் ஒன்று, தன் கைக்கு எட்டிய கள்ளப் பிரதியிலிருந்து அப்பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கியது. சில நாட்களுக்குள் பதினொரு பாடல்களும் இணையத்திலே உலாவின. வெளிவராத இறுவட்டு ஒன்றுக்குப் பத்திரிகைகளிலே விமரிசனங்கள் எழுதப்பட்ட வியப்பையும் உலகம் கண்டது. பாராட்டியவரே பலர். இத்துணை நல்ல பாடல்களையா மறைத்து வைத்தார்கள் என்று இரசிகரின் சினம் இருமடங்காயிற்று.

எபிக் நிறுவனம் என்ன சொல்லிற்று? பியோனா இன்னும் ஒலிப்பதிவில் ஈடுபட்டிருக்கிறார் என்றே தாம் அறிவதாகவும், அவருடைய தொகுதியைத் தாமும் ஆவலோடு எதிர்பார்ப்பதாகவும் அது அறிக்கை விட்டது. இரசிகர்கள் இதனைக் கேட்டு நகைத்தார்கள். நழுவும் பேச்சு என்று தள்ளினார்கள். ஆனால் நேயர்களே, அவ்வறிக்கையிலே பாதியளவு உண்மை இருந்தது.

திரைக்குப் பின்னே நடந்தது வேறு. ஜோன் பிறையனோடு பதிந்த வடிவத்திலே பியோனாவுக்கே முழு நிறைவு ஏற்படவில்லை. பாடல்கள் தமக்கு நன்கு பழகி, எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்ற தெளிவு பிறக்குமுன்னரே பதிவுகள் முடிந்துவிட்டன என்ற உணர்வு அவருக்கு இருந்தது. ஆகவே 2004 இல் அப்பாடல்களை மீண்டும் புதிதாகப் பதியத் தொடங்கினார். இம்முறை அவர் நாடிய தயாரிப்பாளர் மைக் எலிசொண்டோ என்பவர். இவர் பியோனாவின் இரண்டாவது தொகுதியிலே தாழ்சுருதிக் கித்தார் வாசித்தவர். ஆதலால் அவருக்கு அந்நியரல்லர். ஆயினும் இவர் புகழ் பெற்றது வேறு துறையிலே. டொக்டர் டிரே என்னும் புகழ்பெற்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து, எமினெம், 50 சென்ற் முதலிய ராப் இசைக் கலைஞர்களின் பாடல்களை உருவாக்கியவருள் இவரும் ஒருவர்.

இங்கேதான் நிறுவனம் குறுக்கிட்டது. மறுபடியும் முழுத் தொகுதிக்குப் பணம் கொடுக்க அது தயங்கியது. ஒவ்வொரு பாடலாகப் பதிந்து காட்ட வேண்டும். ஒன்று பிடித்தால் மற்றதற்குப் பணம் என்ற நிபந்தனை எழுந்ததாகப் பியோனா பின்னர்ப் பேட்டிகளிலே கூறினார். பள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காட்டித் திருத்தம் பெறுவது போன்ற இந்த ஏற்பாட்டை எந்தக் கலைஞர் பொறுப்பார்? அவர் வேலையை நிறுத்திவிட்டு விலகினார். இனிப் பாடுவதே இல்லை என்னும் அளவுக்கு மனம் சோர்ந்தார். அச்சோர்வின் நடுவேதான் அப்பிள் பழங்கள் நிறுவனத்தின் வாயிலை அடைந்தன.

சற்றே எண்ணிப் பாருங்கள். இரசிகர்கள் எதை விடுதலை செய்யச் சொன்னார்களோ, அந்தப் பிறையன் வடிவத்தைப் பாடகியே மாற்ற விரும்பியிருந்தார். பூட்டப்பட்டுவிட்டது என்று அவர்கள் நம்பிய தொகுதி, உண்மையிலே முடிவு பெறாத தொகுதி. செய்தியளவில் இரசிகர்கள் தவறினார்கள். ஆனால் அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தின் விளைவு தவறாகவில்லை. பாடகிக்கு இத்துணை அன்பர் உளர் என்பதை நிறுவனம் கண்டுகொண்டது. நிபந்தனைகள் தளர்ந்தன. பியோனா தாம் விரும்பியபடி, எலிசொண்டோவோடு தொகுதியை நிறைவு செய்ய வழி பிறந்தது. தம் தொகுதி வெளிவந்ததில் அவ்வியக்கத்துக்குப் பங்குண்டு என்பதை அவரும் நன்றியோடு ஏற்றுக்கொண்டார். நோயை அறியாது கொடுத்த மருந்தும் சில வேளைகளிலே பலிப்பதுண்டு போலும்!

'அதிசய யந்திரம்' 2005 ஒக்டோபர் 4 ஆம் திகதி வெளிவந்தது. மொத்தம் பன்னிரண்டு பாடல்கள். அவற்றுள் ஒன்பது, எலிசொண்டோவின் தயாரிப்பிற் புதிதாகப் பதியப்பட்டவை. ஒன்று முற்றிலும் புதியது. 'பார்ட்டிங் கிவ்ற்' என்னும் அப்பாடலிலே பியோனாவின் குரலும் பியானோவும் அன்றி வேறொன்றும் இல்லை. எஞ்சிய இரண்டும் ஜோன் பிறையன் தயாரித்த வடிவத்திலேயே இடம்பெற்றன. அவை தொகுதியின் முதற் பாடலும் இறுதிப் பாடலும் ஆகும். பழைய துணைவரின் கைவண்ணத்தை வாயிலிலும் முடிவிலும் நிறுத்தி, இடையிலே புதியவரின் வேலையை வைத்தார் பியோனா. வெளிவந்த முதல் வாரத்தில் ஏறக்குறைய 94,000 பிரதிகள் விலைப்பட்டன. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் கிடைத்தது. பாடல்கள் முன்னரே இணையத்திற் கசிந்துவிட்டமையால் விற்பனை வீழும் என்று அஞ்சியவர்களுக்கு இது நல்ல விடையாயிற்று. கிராமி விருதுக்கும் அத்தொகுதி முன்மொழியப்பட்டது.

காத்திருப்பு முடிந்தது; வாதமோ அப்பொழுதுதான் முற்றியது. இப்போது இரசிகர்களிடம் ஒரே பாடல்களின் இரண்டு வடிவங்கள் இருந்தன. பிறையன் பக்கத்தார் சொன்னது இது: அவருடைய வடிவத்திலே வயலின்களும் குழல்களும் எழுந்தும் வீழ்ந்தும் பாடலின் உள்ளத்துக் கொந்தளிப்பை வெளியே காட்டுகின்றன, அது ஓர் அரங்கேறிய நாடகம், புதியதோ ஒழுங்குபடுத்தப்பட்டுச் சுவை குன்றிவிட்டது. எலிசொண்டோ பக்கத்தார் மறுத்தார்கள்: பிறையனின் வாத்தியங்கள் பாடகியின் குரலை மூடுகின்றன, எலிசொண்டோவோ முரசின் தாளத்தையும் பியானோவையும் முன்னிறுத்தி, மற்றவற்றைப் பின்னே தள்ளினார், ஆகவே சொல் தெளிவாகக் கேட்கிறது, சினம் சினமாகவே நம்மை வந்தடைகிறது. மூன்றாவது சாரார் இரு வடிவங்களிலிருந்தும் தமக்குப் பிடித்தவற்றைத் தெரிந்து, தமக்கென ஒரு தொகுதியைத் தாமே கோத்துக்கொண்டார்கள்.

'நொட் அபௌட் லவ்' என்னும் பாடலை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். முறிந்த உறவொன்றைப் பற்றிய கசப்பு அதன் பொருள். பிறையனின் வடிவத்திலே வயலின்கள் அலைமேல் அலையாகத் திரண்டு வருகின்றன. கேட்பவர் கரையில் நின்று புயலைப் பார்ப்பது போன்ற உணர்வைப் பெறுகிறார். எலிசொண்டோவின் வடிவத்திலே அப்புயல் இல்லை. பியானோவும் முரசும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு செல்ல, குரல் அவற்றின் மேலே ஏறி நிற்கிறது. கேட்பவர் அறையொன்றிலே அப்பெண்ணின் எதிரில் இருப்பது போன்ற உணர்வைப் பெறுகிறார். எது உயர்ந்தது? புயலைக் காண விரும்புபவருக்கு முன்னது; மனிதரைக் காண விரும்புபவருக்குப் பின்னது. இரண்டும் ஒரே பாடலிலே மறைந்து கிடந்தன என்பதல்லவா வியப்பு!

இவ்வாதத்திலே ஒரு குறை இருந்தது. எலிசொண்டோ ராப் இசையிலே பேர்பெற்றவர் என்ற ஒன்றைக் கொண்டே, நிறுவனம் விற்பனைக்காகத் திணித்த மனிதர் அவர் என்று, அவருடைய வேலையைக் கேட்குமுன்னரே சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். காலம் அவர்களைப் பார்த்து நகைத்தது. அதே 2005 இல், 'அதிசய யந்திரம்' வெளிவருவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன், கன்யே வெஸ்ற் என்னும் ராப் கலைஞரின் இரண்டாவது தொகுதி வெளியாயிற்று. அதிலே அவரோடு இணைந்து பல பாடல்களைத் தயாரித்தவர் யார் தெரியுமா? பியோனாவின் பழைய தயாரிப்பாளரான ஜோன் பிறையனே! ராப் இசையிலிருந்து ஒருவர் பியோனாவிடம் வந்தார். பியோனாவிடமிருந்து மற்றவர் ராப் இசைக்குச் சென்றார். கலைஞனுக்கு வேலி இல்லை. வேலி கட்டுபவர்கள் கேட்பவர்களே.

நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். நிறுவனத்தின் உரிமை எதுவரை? பணம் போட்டவர் கணக்குக் கேட்பதிலே பிழையில்லை. ஆனால், பாடலுக்குப் பாடல் அனுமதி கேட்க வைப்பது கணக்கு அன்று. அது கலைஞரின் கையைப் பிடித்து எழுதுவிப்பதாகும். தயாரிப்பாளரின் உரிமை எதுவரை? அவர் பாடலுக்கு உருவம் கொடுக்கிறார். அவ்வுருவம் அழகியதாகவும் இருக்கலாம். பிறையனின் வேலை அழகியதே. அதனை மறுப்பார் இலர். எனினும் எழுதியவருக்கு அது பொருந்தவில்லையாயின், அழகு ஒன்றே போதாது. அழகிய வீடாயினும் அதிற் குடியிருப்பவருக்கு மூச்சு முட்டுமாயின் சுவரை இடித்துச் சாளரம் வைக்கத்தானே வேண்டும்?

இனி, இரசிகரின் உரிமை. இதுவே நம்மைச் சேர்ந்தது. ஆதலால் இதில் நாம் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். ஆறு ஆண்டுகள் காத்திருந்தவர்களின் அன்பு உண்மையான அன்பு. பாடகிக்கு இடையூறு நேர்ந்துள்ளது என்று கருதியபொழுது அவர்கள் சும்மா இருக்கவில்லை, குளிரிலே நின்றார்கள். இது போற்றத்தக்கது. கலைஞரைத் தடுக்காதீர்கள், அவரை அவர் வழியே விடுங்கள் என்று கேட்க இரசிகருக்கு உரிமை உண்டு. ஆனால், அவர் இந்த வடிவத்திலேதான் பாட வேண்டும், இந்தத் தயாரிப்பாளரோடுதான் சேர வேண்டும் என்று விதிக்க உரிமை இல்லை. முன்னது அன்பு, பின்னது ஆட்சி. நிறுவனம் செய்த பிழையை இரசிகரும் செய்யத் துணிவார்களாயின், பாடகிக்கு ஓர் எசமான் போய் இலட்சம் எசமானர்கள் வந்தது போலாகும்.

கள்ளமாகக் கசிந்த பாடல்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒலிபரப்பாளருக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. சியாற்றில் வானொலி அவற்றை ஒலிபரப்பியதாற் பாடகிக்கு நன்மை விளைந்தது என்பர் சிலர். இருக்கலாம். ஆயினும் எழுதி முடியாத கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து ஊருக்குப் படித்துக் காட்டினால், ஊர் அதைப் பாராட்டிய போதிலும் எழுதியவரின் மனம் கூசாதா? பியோனாவுக்கு நிறைவு தராத ஒன்றை, அவர் அனுமதியின்றி, அவர் பெயரால் உலகம் கேட்டது. கேட்டவர்கள் இன்புற்றார்கள் என்பது உண்மை. அவ்வின்பத்தின் விலையை அவர்களே கொடுத்தார்கள் என்பது உண்மையன்று.

இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. பியோனாவின் இரசிகர்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். நான்காவது தொகுதி ஏழு ஆண்டுகள் கழித்து 2012 இலும், ஐந்தாவது தொகுதி மேலும் எட்டு ஆண்டுகள் கழித்து 2020 ஏப்பிரலிலும் வெளிவந்தன. ஆனால், எந்தத் தயாரிப்பாளர் சிறந்தவர் என்ற பழைய வாதத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. நான்காவது தொகுதியைச் சார்ளி டிரேற்றன் என்னும் தாள வாத்தியக் கலைஞரோடு சேர்ந்து பியோனாவே தயாரித்தார். ஐந்தாவது தொகுதியைத் தம் இசைக் குழுவினரோடு, பெரும்பாலும் தம் வீட்டிலேயே பதிந்தார். சுவரைத் தட்டும் ஓசையும், நாய்கள் குரைக்கும் ஒலியும் அதிலே கேட்கும். அபே றோட் கூடமும் இல்லை. வயலின் கூட்டமும் இல்லை. உலகெங்கும் கொள்ளைநோய் பரவி மக்கள் வீட்டுக்குள்ளே அடைபட்டிருந்த காலத்திலே வந்த அத்தொகுதிக்கு, 2021 இல் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. தம் பாட்டுக்கு ஏற்ற உருவம் எது என்பதை அறிவதற்கு ஒரு கலைஞர் இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார். அவ்வறிவுக்கு அவர் நடந்த வழியிலே பிறையனும் ஒரு படி. எலிசொண்டோவும் ஒரு படி.

தாமதம் என்று நாம் சொல்வது எல்லாம் தாமதமன்று. நிறுவனத்தின் தயக்கத்தால் வருவது ஒரு வகை. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தல் வேண்டும். கலைஞரின் மனநிறைவைத் தேடும் முயற்சியால் வருவது மற்றொரு வகை. அதனைப் பொறுத்தல் வேண்டும். இவ்விரண்டையும் வெளியே நின்று வேறுபிரித்தறிவது அரிது என்பதே 2005 ஆம் ஆண்டின் அப்பிள் பழங்கள் நமக்குச் சொல்லும் செய்தி. ஆகவே, நாம் நேசிக்கும் பாடகர் ஒருவர் நெடுநாள் மௌனமாக இருந்தால், பழிக்கு ஓர் ஆளைத் தேடுமுன், அவர் இன்னும் தம் பாட்டைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும் என்றும் எண்ணிப் பார்ப்போமாக. அந்தத் தேடலுக்கு நாம் கொடுக்கக்கூடியது காலம் ஒன்றே. கேட்பவர் கொடையுள் அதனினும் பெரியது இல்லை.